மகள் முடியும் அம்மா வேண்டுதலும்

"...சரி, தலை உன்னோடது. முடியும் உன்னோடது. ஒத்துக்கிறேன். அப்போ வேண்டுதல் யாரோடது? அதை மட்டும் சொல்லு."

கேட்டது என் மனைவி லெட்சுமி. கேட்கப்பட்டவள் எங்கள் மகள் புவனா, வயது பதிமூன்று. இடம் - ஆயர் தாவார் பக்கத்தில் ஓர் எஸ்டேட் மாரியம்மன் கோயில், மொட்டை போடும் கூடாரம். போன ஞாயிற்றுக்கிழமை, திருவிழாக் காலை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையில் உட்காரப்போவது யார் என்று காத்திருந்தார் முடி இறக்குபவர்.

பக்கத்தில் நான். பஸ் ரிப்பேராகி நடுரோட்டில் நின்றுவிட்டால் கண்டக்டர் எப்படி நிற்பான்? அப்படி நின்றுகொண்டிருந்தேன்.

புவனா என்ன பதில் சொன்னாள்? சொல்கிறேன். அதற்கு முன்னால், ஒரு தலைக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடும் நிலைமை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டாமா?

பத்து வருஷக் கதை இது. அப்போது நாங்கள் அந்த எஸ்டேட்டில்தான் இருந்தோம். இப்போது அங்கே செம்பனை. அன்று ரப்பர். நானும் லெட்சுமியும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். புவனாவுக்கு மூன்று வயது. அம்மை போட்டது. அம்மை இறங்குகிற நேரத்தில் காய்ச்சல் ஏறி, மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. எஸ்டேட் டிரெசர் - எங்களுக்கு அவர்தான் டாக்டர் - நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "இங்க வச்சிருக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார்.

ரப்பர் பால் ஏற்றும் லாரிதான் கிடைத்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் லெட்சுமி, மடியில் பிள்ளை. பின்னால் பால் டாங்கியைப் பிடித்துக்கொண்டு நான். கோயிலைத் தாண்டும்போது, யாரும் சொல்லாமலே டிரைவர் லாரியை நிறுத்தினார். லெட்சுமி இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினாள்.

"ஆத்தா, என் பிள்ளையக் குடுத்துடு. அவ தலைமுடிய உனக்கு இறக்கிடுறேன்."

அவ்வளவுதான். லாரி கிளம்பியது. பிள்ளை பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் கண் விழித்தவள் மருந்து குடிக்க மாட்டேன் என்கிறாள். நர்ஸ் கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். நான் மூக்கைப் பிடிக்கப் போனேன். லெட்சுமி என் கையைத் தட்டிவிட்டு, கரண்டியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தாள். பாதி மருந்து போர்வையில். மீதிப் பாதி வயிற்றில். நர்ஸ் முறைத்தாள். "பாதியாச்சும் உள்ள போச்சுல்ல சிஸ்டர்" என்றாள் லெட்சுமி.

சரி... பிழைத்த பிள்ளைக்கு அடுத்த திருவிழாவில் மொட்டை போட்டிருக்க வேண்டும் அல்லவா? போடவில்லை.

முதல் வருஷம், எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்கிறார்கள் என்று ஒரே கலவரம். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டோம். எனக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. இரண்டாம் வருஷம் என் அப்பா காலமாகி வீட்டில் தீட்டு. மூன்றாம் வருஷம் ஸ்கூல் சேர்க்கிற வருஷம். நாலாம் வருஷம்?

நாலாம் வருஷம் காரணம் எதுவும் இல்லை. உள்ளதைச் சொல்வதென்றால், அந்த முடியின் மேல் லெட்சுமிக்கு ஆசை வந்துவிட்டது. அப்படி ஒரு முடி. எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. அம்மாக்காரிக்கு அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தாண்டும். அவள் காலையில் சட்டை தைக்கும் ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது ஐந்து ஊசி குத்தினால்தான் கொண்டை நிற்கும். அந்த முடியே மகளுக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ணெய், சீயக்காய், சிக்கெடுத்தல், இரட்டைப் பின்னல்... இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை யாருக்குத்தான் கொடுக்க மனம் வரும்? "அடுத்த வருஷம் பாப்போம்." மாரியம்மனும் பாவம், பத்து வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்த வருஷ ஆரம்பத்தில் புவனா சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். மாவுக்கட்டு. பார்க்க வந்தார் லெட்சுமியின் அக்கா பாக்கியம். ஆயர் தாவாரிலேயே தங்கிவிட்டவர். நல்ல மனுஷி, வாயில் மட்டும் ஒரு ஆணி வைத்திருப்பார்.

"நான் சொன்னா கோச்சுக்குவ லெட்சுமி. ஆத்தா பத்து வருஷம் பொறுத்துட்டா. இப்ப கையி. அடுத்தது என்னான்னு நீ காத்துக்கிட்டு இருக்கப் போறியா?"

ஆணி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு லெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை இருமினால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். மடியில் மூச்சிரைக்கும் பிள்ளையோடு லாரியில் போனவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

கட்டுப் பிரித்த வாரம், சாப்பிடும்போது லெட்சுமி அறிவித்தாள். "வர்ற திருவிழாவுல உனக்கு மொட்டை போடுறோம்."

புவனா சோற்றிலிருந்து நிமிர்ந்தாள். "எதுக்கு?"

"வேண்டுதல்."

"யாரு வேண்டிக்கிட்டா?"

"நான்தான். உனக்காக."

"உன் முடியவா?"

"உன் முடிய."

"என்கிட்ட கேட்டியா?"

"உனக்கு அப்ப மூணு வயசுடி. கேட்டா என்னா சொல்லியிருப்ப?"

"அப்ப கேக்க முடியாது, சரி. இப்ப கேக்கலாம்ல? இப்பவும் சொல்லத்தானம்மா செய்யிற."

லெட்சுமி என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா வாய? ஃபாரம் ஒன் கிளாஸு போயி நாலு மாசம் ஆவல, லாயராயிட்டா. நீங்க என்ன சொல்றீங்க?"

மகளும் என்னைப் பார்த்தாள்.

"குழம்பு நல்லா இருக்கு" என்றேன்.

வாசகர்களே, என்னைக் கோழை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் விடியற்காலையில் எஸ்டேட் பிரட்டுக்களத்தில் ஆஜருக்கு நின்று, பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று மட்டும் சொல்லிப் பழகிய குடும்பம் எங்களுடையது. ஆறாம் வகுப்பு முடித்த மறுநாள், என் அப்பா ஒரு வாளியைக் கையில் கொடுத்தார். "நாளையிலருந்து என்கூட வாரே." படிக்கிறாயா, பால் வெட்டுகிறாயா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவரையும் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். கேள்வியே பார்க்காத வீட்டில் பதில் எப்படிப் பழக்கமாகும்?

மறுநாள் பஸ்ஸில் இதைச் சொல்லிப் புலம்பினேன். எனக்கு நியாயஸ்தலம் பஸ்தான். பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, கீரைக் கட்டோடு ஏறும் அம்மா ஒருவர், எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கடைத்தேங்காய எடுத்து வழிப்புள்ளையாருக்கு ஒடச்ச கதைதான், கண்டக்டர் தம்பி. தேங்கா பொண்ணோடது. புண்ணியம் ஒங்க வீட்டு அம்மாவுக்கு." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டில் போய் அதைச் சொல்கிற தைரியம் மட்டும் வரவில்லை.

யாழ்ப்பாணத்து நர்ஸம்மா ஒருவர் தினமும் முன் சீட்டில் வருவார். பேச்சு குறைவு. இறங்குகிற இடத்தில் டிக்கெட்டை மடித்துக்கொண்டே சொன்னார். "தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேற எண்டு சொல்லுவினம். வயித்துக்கு அதை ஒத்துக்கொள்ளுறம். வாய்க்குத்தான் ஒத்துக்கொள்ளுறேல்லை."

மணியடிக்க மறந்து நின்றேன்.

யோசித்துப் பார்த்தால், இதை நான் தினமும் என் பஸ்ஸிலேயே பார்க்கிறேன். பிள்ளையிடம் "எங்க எறங்கணும்?" என்று கேட்பேன். அம்மா பதில் சொல்வாள். "ஜன்னல் பக்கம் வேணுமா?" அப்பா பதில் சொல்வார். ஒரு நாள் ஐந்து வயசுக் குட்டி ஒன்று, இலவசப் பயணி, எனக்கும் டிக்கெட் வேண்டும் என்று கையை நீட்டியது. "ஒனக்கு வேணாம், நீ சின்னப் புள்ள" என்றாள் அம்மா. நீட்டிய கை இறங்கவில்லை. கீழே கிடந்த பழைய டிக்கெட்டில் ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, அம்மா மடியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டது. தனி டிக்கெட் கேட்ட பிள்ளை தனி சீட் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

வீட்டில் இரண்டு வாரம் போர். சத்தம் இல்லாத போர். அம்மா ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால் மகள் வந்து உட்காருவாள். தலையைக் கொடுப்பாள். பேச மாட்டாள். அம்மாவும் பின்னி முடித்து, ரிப்பனை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டுவாள். எனக்கு நடுவில் செய்தி சொல்லும் வேலை. "உங்க மகள சாப்பிட வரச் சொல்லுங்க." "அம்மாட்ட பசிக்கலன்னு சொல்லுங்கப்பா." ஈப்போவிலேயே இவ்வளவு சின்ன ரூட்டில் ஓடிய கண்டக்டர் நான்தான்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் புவனா மீன் குழம்பைத் தள்ளி வைத்தாள்.

"ஒடம்பு சரியில்லையா?" என்றாள் லெட்சுமி. என் மூலமாக இல்லை, நேராக. பயந்துவிட்டாள்.

"வெரதம். நான் பால்குடம் எடுக்கப் போறேன்."

"முடிக்குப் பதிலு பால்குடமா? ஆத்தாகிட்டயே பேரமா?"

"பேரம் இல்லம்மா. நான் பொழச்சதுக்கு நான் வேண்டிக்கிட்டேன். ஒன்னோடது வேற, என்னோடது வேற."

மறுநாள் காலையில் லெட்சுமி மகளுக்குத் தனிச் சட்டியில் சாம்பார் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஆயர் தாவாருக்குக் கிளம்பினோம். அன்று நான் பயணி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ். லெட்சுமி முன் சீட்டில் கண் அயர்ந்ததும் மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"முடிதானே புவனா. ஆறு மாசத்துல வளந்துடும்லா."

"தெரியும்ப்பா."

"ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்கன்னு பயமா?"

"பண்ணட்டும். அதுக்கில்ல." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா கேட்டிருந்தா ஒருவேள குடுத்திருப்பேன். கேக்கவே இல்லப்பா."

"அப்புறம் ஏன் கூட வர்ற?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள், இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி. "வர மாட்டேன்னு நான் எப்பப்பா சொன்னேன்? தர மாட்டேன்னுதான சொன்னேன்."

எனக்கு நாற்பத்திரண்டு வயது. இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் காலத்துப் பிள்ளைகள் "தர மாட்டேன்" என்று சொல்ல முடியாமல், "வர மாட்டேன்" என்று வீட்டை விட்டு ஓடியவர்கள். என் தம்பி அப்படித்தான் சிலிம் ரிவர் என்கிற ஊருக்குப் போனான். ஆறு வருஷம் முகம் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை புவனா பால்குடம் எடுத்தாள். செம்பனைக்கு நடுவே சிவப்பு மண் ரோடு. செருப்பில்லை. ஒடிந்து கூடிய கை தாங்குமா என்று நான் பிடிக்கப் போனேன். "வேணாம்ப்பா, பக்கத்துல மட்டும் வாங்க." பக்கத்தில் நடந்தேன். மறுபக்கம் லெட்சுமி. பால் ஊற்றி, கும்பிட்டு முடித்ததும் லெட்சுமி கமிட்டி மேசைக்குப் போனாள். மொட்டைக்குச் சீட்டு வாங்கினாள். பேர், நட்சத்திரம், வயசு எல்லாம் மகளுடையது.

கூடாரத்துக்கு வந்தோம். லெட்சுமி மகளின் கையைப் பிடித்து, "வா" என்றாள்.

புவனா கையை உதறவில்லை. நகரவும் இல்லை.

முடி இறக்குபவர் சித்தியவானில் கடை வைத்திருக்கிற முனியாண்டி அண்ணன். நிலைமையைப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தாழ்த்தினார். "புள்ளை மனசு வச்சு உக்காந்தாத்தான் நான் கை வப்பேன், அம்மா. ஆடுற தலையில கத்தி ஓடாது."

"ரெண்டு பேரு அமுக்கிப் புடிச்சா ரெண்டு நிமிசம். இதுக்கு என்னா லா பஞ்சாயத்து?" - பாக்கியம் அக்கா. வந்து தோளைப் பிடித்தும்விட்டார்.

"பெரியம்மா, என் தலை" என்றாள் புவனா. சத்தமாக இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. கீழே விழவில்லை.

வரிசையில் நின்றவர்கள் பார்க்கிறார்கள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. குழம்பு நல்லா இருக்கு என்று அங்கே சொல்ல முடியாதே. "அக்கா, கைய எடுங்க" என்றேன். பதினைந்து வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் மறுப்பு. ஆச்சரியத்திலேயே கையை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் லெட்சுமி அந்தக் கேள்வியைக் கேட்டாள். "சரி, தலை உன்னோடது. முடியும் உன்னோடது. ஒத்துக்கிறேன். அப்போ வேண்டுதல் யாரோடது? அதை மட்டும் சொல்லு."

கோபத்தில் கேட்கவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டாள். பத்து வருஷமாக அந்தப் பயத்தைச் சுமந்தவளுக்கு, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதுதான் அந்த நிமிஷம் அவள் முகம் முழுக்க.

புவனா அம்மாவின் கையை விடாமலே சொன்னாள். "ஒன்னோடதும்மா."

ஜெயித்த மாதிரி சொல்லவில்லை. தொலைத்த பொருளைக் கண்டுபிடித்து உடையவரிடம் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள்.

எனக்கு அந்தக் கரண்டி ஞாபகம் வந்தது. என் பிள்ளைக்கு "மாட்டேன்" சொல்ல ஸ்கூல் கற்றுக்கொடுத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. மூன்று வயசில், மூச்சு விடவே சிரமப்பட்ட நேரத்தில், அவள் கையில் கரண்டியைக் கொடுத்தாளே ஒருத்தி... அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. கையை உதறாமல் மறுக்கக் கற்றுக்கொண்டதும், உதற அவசியமில்லாத ஒரு கை கிடைத்ததால்தான். கேட்காமல் லாரியை நிறுத்திய டிரைவருக்கு நன்றி. பத்து வருஷம் காத்திருந்த ஆத்தாளுக்கு நன்றி. ஆடுகிற தலையில் கத்தி வைக்க மாட்டேன் என்றவருக்கும் நன்றி. இந்த அம்மாவையும் இந்த மகளையும் ஒரே வீட்டில் எனக்குக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

லெட்சுமி கையில் கசங்கியிருந்த சீட்டை முனியாண்டி அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் பிரித்துப் படித்தார். "புவனேஸ்வரி, ரோகிணி, வயசு பதிமூணுன்னு போட்டிருக்கே?"

"பழைய வேண்டுதல்ணே. ஆள் கொஞ்சம் வளந்துடுச்சு."

"அடியே லெட்சுமி, நாளைக்கு ஃபேக்டரிக்கு எப்படிடி போவ?" என்றார் பாக்கியம் அக்கா.

லெட்சுமி அவர் பக்கம் திரும்பவில்லை. கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஐந்தையும் புவனாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"தொலச்சிடாதடி. மறுபடியும் வேணும்" என்று சொல்லிவிட்டு, பலகையில் உட்கார்ந்து தலையைக் குனித்தாள்.